பிளாஸ்டிக் பொறி விடாதாம்!

ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் மருந்துக் கலவை அறைக்குள் எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான் கண்ணில் படும். நீல வாளி, சிவப்பு பேசின், கைப்பிடி உடைந்த மக், மூடி தொலைந்த பெயிண்ட் டப்பா. ஏன் பிளாஸ்டிக் என்று போர்மேனைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும். "இரும்புன்னா உரசுனா பொறி பறக்கும் அண்ணாச்சி. அலுமினியம் மருந்துல சேர்ற சாமான், அதையே பாத்திரமா வச்சா வம்பு. பிளாஸ்டிக்குன்னா பொறியும் வராது, கரண்டும் ஏறாது." முதலாளியைக் கேட்டாலும் இதே பதில்தான், கூடவே விலையும் வரும். டீக்கடையில் கேட்டாலும் இதே. பல வருஷமாக எல்லாரும் சொல்லிச் சொல்லி, யாரும் சந்தேகப்படாத சங்கதியாக இது ஆகிவிட்டது.

இந்தப் பதிலில் இரும்பைப் பற்றிச் சொன்னது மட்டும் சரி. அலுமினியத்தைப் பற்றிச் சொன்னது பாதி தப்பு. பிளாஸ்டிக்கைப் பற்றிச் சொன்னது முழுத் தப்பு. அதுவும் உயிரை வாங்கக்கூடிய தப்பு. கலவை அறைக்குள் சாதாரண பிளாஸ்டிக் பாத்திரம் இருக்கவே கூடாது. அந்த இடத்தில் எர்த் செய்த அலுமினியப் பாத்திரம் இருக்க வேண்டும். இதைச் சொன்னால் "படிச்சவன் பேச்சு" என்று சிரிக்கிறவர்கள் உண்டு. சிரிக்கட்டும். அவர்கள் பக்கத்து நியாயத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிடலாம்.

"கரண்டு ஏறாது" என்பதில் தொடங்குவோம். பிளாஸ்டிக் வழியாக மின்சாரம் பாயாது என்பது உண்மை. அதனால்தான் வயருக்கு பிளாஸ்டிக் உறை போடுகிறோம். ஆனால் பாயாது என்பதும் ஏறாது என்பதும் வேறு வேறு. இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று தேய்ந்து பிரியும்போதெல்லாம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மின்னேற்றம் தாவுகிறது. தாவிய இடம் உலோகமாக இருந்து, அது தரையோடு சேர்ந்தும் இருந்தால், அந்த மின்னேற்றம் அப்போதே மண்ணுக்குள் ஓடிவிடும். தாவிய இடம் பிளாஸ்டிக் என்றால் ஓட வழியில்லை, அங்கேயே உட்கார்ந்திருக்கும். அடுத்த உரசலில் இன்னும் கொஞ்சம் சேரும். பிளாஸ்டிக்கின் பெருமையாக எதைச் சொல்கிறார்களோ, அந்த மின்கடத்தாத் தன்மைதான் கலவை அறையில் அதன் குற்றம்.

நம்பாதவர்கள் எந்த ஆய்வுக்கூடத்துக்கும் போக வேண்டாம். வறண்ட நாளில் அலுமினிய பவுடர் இருந்து காலியான பிளாஸ்டிக் டப்பாவைப் பார்த்தாலே போதும். கவிழ்த்தாலும் உட்சுவரில் சாம்பல் நிறப் படலமாகப் பவுடர் அப்பிக்கொண்டு நிற்கும். தட்டினால் கொஞ்சம் விழும், மிச்சம் விழாது. ஈரமும் இல்லை, பிசுக்கும் இல்லை, பின் எது பிடித்து வைத்திருக்கிறது? இப்படி ஓட வழியில்லாமல் தேங்கி நிற்கும் நிலை மின்சாரத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அதே பவுடரைத் தரையில் இருக்கும் அலுமினியத் தட்டில் கொட்டிக் கவிழ்த்தால் பெரும்பகுதி வழுக்கிக்கொண்டு போய்விடும். பிளாஸ்டிக்கில் ஒட்டியதை வேலைக்கார அக்கா என்ன செய்வார்? மருந்து வீணாகக் கூடாது. கையால் வழிப்பார், இல்லையென்றால் குச்சியால் சுரண்டுவார், இல்லையென்றால் வாளியின் அடியில் ஓங்கித் தட்டுவார். வழிக்க வழிக்க மின்னேற்றம் ஏறும். தட்டும்போது தூள் காற்றில் பறக்கும். மின்னேற்றம், பறக்கும் தூள், உரசல் மூன்றும் ஒரே கணத்தில் ஒரே இடத்தில் கூடுகின்றன. நடுவில் அந்த அக்காவின் முகம் இருக்கிறது.

எவ்வளவு சின்னப் பொறி போதும் என்பது பலருக்குத் தெரியாது. விரல் நுனியில் சுருக்கென்று படுவதற்கே ஏறத்தாழ 3,000 வோல்ட் நிலை மின்சாரம் வேண்டும். அதற்குக் கீழே இருப்பது நமக்கு உறைக்காது. வறண்ட நாளில் மனித உடம்பில் 10,000 வோல்ட் ஏறுவது அபூர்வமில்லை. உடம்பின் மின்தேக்குத் திறனை 100 பிக்கோஃபாரட் என்று வைத்துக் கணக்குப் போட்டால் அது 5 மில்லிஜூல் ஆற்றல். பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள கால் மில்லிஜூல் போதும். மிக நுண்ணிய அலுமினியத் தூள் காற்றில் பறக்கும்போது அதற்குச் சில மில்லிஜூல்களே போதும். ஆக, "எனக்கு ஒன்றும் ஷாக் அடிக்கவில்லையே" என்பது பாதுகாப்புக்குச் சான்றில்லை.

இதில் நம் ஊர் வானிலைக்கும் ஒரு கை இருக்கிறது. 1920-களின் தொடக்கத்தில் சண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து சிவகாசியில் ஊன்றியபோது, இந்த மண்ணின் வறட்சி அவர்களுக்கு வரமாக அமைந்தது. மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு. குச்சியும் காயும், மருந்தும் காயும். பட்டாசுத் தொழிலும் அதே வறட்சியை நம்பித்தான் வளர்ந்தது. நிலை மின்சாரமும் அதே வறட்சியில்தான் செழிக்கும். காற்றில் ஈரம் இருந்தால் பொருளின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து, மின்னேற்றம் மெல்ல மெல்லக் கசிந்துவிடும். ஆனி, ஆடியில் மேற்கு மலையைத் தாண்டி வரும் காற்று தன் மழையை அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வெறுங்கையோடு கரிசலுக்குள் இறங்குகிறது. தீபாவளி ஆர்டருக்காக ஆலைகள் மூச்சுவிடாமல் ஓடுவதும் அந்த மாதங்களில்தான். கேரளத்து மழைக்கால ஊர் ஒன்றில் பிளாஸ்டிக் வாளி ஓரளவு தப்பிப் பிழைக்கலாம். ஏழாயிரம்பண்ணையில் அதற்கு அந்த மன்னிப்பு கிடையாது.

அடுத்து வருவது, கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் எடுத்துவிடும் வாதம். "காரில் பெட்ரோல் டேங்கே பிளாஸ்டிக்தான் இப்போது. தூத்துக்குடியில் படகுக்காரர்கள்கூட அலுமினிய டேங்கைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் போடுகிறார்கள். பெட்ரோலுக்கே ஆகும்போது நம் மருந்துக்கு ஆகாதா?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படகில் பிளாஸ்டிக் ஜெயிப்பது பொறிக்காக இல்லை, உப்புக்காக. படகின் அடித்தட்டுக்குக் கீழே உப்புத் தண்ணீர் தேங்கி நிற்கும். அலுமினிய டேங்கின் அடியிலும், ஈரம் பிடித்த நுரைப்பஞ்சோ ரப்பரோ ஒட்டியிருக்கும் இடத்திலும், செம்பு, பித்தளை இணைப்புகள் தொடும் இடத்திலும் அரிப்பு குழி குழியாக இறங்கி ஒருநாள் ஓட்டை விழும். பாலிதீன் டேங்குக்கு அந்த வியாதி இல்லை. எரிபொருளை உறிஞ்சிக் கொஞ்சம் உப்பும், அதற்கு இடம் விட்டுப் பொருத்தினால் போதும். நானே படகுக்காரனாக இருந்தால் பிளாஸ்டிக்கைத்தான் யோசிப்பேன். ஆனால் அங்கேயும் பெட்ரோல் ஊற்றும் வாய் உலோகமாக இருந்தால் அதிலிருந்து வயர் இழுத்து எர்த் செய்யச் சொல்கிறார்கள். டேங்க் பிளாஸ்டிக் என்பதால் நிலை மின்சாரத்தை யாரும் மறந்துவிடவில்லை.

இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். காற்றில் அதன் ஆவி ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரை முதல் ஏழரைப் பங்கு வரை இருந்தால்தான் பற்றும். மூடிய டேங்குக்குள் ஆவி அந்த அளவைத் தாண்டி நெருக்கமாக நிற்பதால், உள்ளே பொறி விழுந்தாலும் எரியப் போதுமான காற்று இருக்காது. நம் மருந்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லவே இல்லை. பொட்டாசியம் நைட்ரேட் வடிவில் எரிவதற்கான ஆக்சிஜனை நாமே அளந்து உள்ளே போட்டுக் கலந்து வைத்திருக்கிறோம். அதற்குக் காற்று தேவையில்லை. மூடி வைத்தால் எரிவதற்குப் பதில் வெடிக்கும். காற்றுக்குக் காத்திருக்கிற திரவத்தின் பாத்திர விதியை, காற்றைத் தன்னோடு கொண்டுவந்த தூளுக்குப் பொருத்துவது எந்த ஊர் நியாயம்?

இனி அலுமினியத்தின் மேல் சொல்லும் பழிகள். முதல் பழி, அது மருந்துச் சாமான் என்பது. அலுமினிய பவுடர் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் சேர்க்கிற சரக்குதான், மறுக்கவில்லை. ஆனால் தூளுக்கும் தகட்டுக்கும் உள்ள தூரம், மரத்தூளுக்கும் மர உத்தரத்துக்கும் உள்ள தூரம். தூளில் ஒவ்வொரு துகளும் எல்லாப் பக்கமும் ஆக்சிஜனுக்குத் திறந்து கிடக்கிறது. தகடு அப்படி இல்லை. அதன் மேலுள்ள ஆக்சைடு படலம் அதைக் காக்கிறது, 660 டிகிரியில்தான் உருகவே தொடங்கும். நம் வீடுகளில் அலுமினியச் சட்டியில் தினமும் அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. அது பற்றிக்கொண்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

இரண்டாவது பழி, உலோகம் என்றாலே பொறி என்பது. அலுமினியம் மென்மையான உலோகம். மரத்திலோ அலுமினியத்திலோ உரசினால் இரும்பைப்போல அது பொறி தெறிக்கவிடாது. ஆனால் இங்கே ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. துருப்பிடித்த இரும்பும் அலுமினியமும் ஓங்கி மோதினால் துருவும் அலுமினியமும் சேர்ந்து எரிகிற, மிகச் சூடான பொறி வரும். தண்டவாளத்தைப் பற்றவைக்கப் பயன்படுத்தும் தெர்மிட் கலவையின் அதே வேதியியல்தான் இது. ஆகவே அலுமினியப் பாத்திரம் வைத்த அறையில் இரும்புக் கரண்டி, இரும்பு வாளிப்பிடி, ஆணி அடித்த பலகை, துருப்பிடித்த கீல் எதுவும் இருக்கக் கூடாது. இரும்பு கலவை அறைக்குள் வரக் கூடாது என்பது ஏற்கனவே உள்ள விதிதானே. அந்த விதியை மீறுகிறவன் அலுமினியத்தைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

மூன்றாவது, உப்பு பட்டால் அலுமினியம் அரிக்கும், சூடேறும் என்பது. ஈரம் பட்ட கலவையில் அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் வினைபுரிந்து சூடேறும் என்பது உண்மை. அதனால்தான் அதைத் தணிக்க போரிக் அமிலம் சேர்க்கிறார்கள். மிச்ச மருந்தை ராத்திரி வைத்திருக்காதே என்கிறார்கள். ஆனால் வினைபுரிவது உள்ளே இருக்கும் தூள். பாத்திரத்தை மாற்றினால் அது நிற்காது. போதாக்குறைக்கு, பிளாஸ்டிக் சூட்டையும் கடத்தாது. கலவையின் நடுவில் பிறந்த சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறும். அலுமினியம் அந்தச் சூட்டை இழுத்து வெளியே விடும். கையை வைத்தால் சூடேறியிருப்பது தெரியவும் தெரியும். வேலை முடிந்ததும் தண்ணீர்விட்டுக் கழுவி, துடைத்துக் காயவைத்தால் அரிப்பும் பெரிய சங்கதியில்லை. பித்தளை, செம்பு வைத்தாலும் சரிதான். ஆனால் கந்தகம் பட்டுக் கறுக்கும், விலையும் நம் ஊர் முதலாளிகளின் முகத்தைக் கறுக்க வைக்கும்.

எதிர்த்தரப்பிடம் இருக்கும் வலுவான வாதத்தை அவர்களே சொல்வதில்லை, நான் சொல்கிறேன். எர்த் செய்யாத அலுமினியப் பாத்திரம் பிளாஸ்டிக்கைவிட ஆபத்தானது. பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் அங்கங்கே சிதறிக் கிடக்கும். தொட்ட இடத்தில் உள்ளது மட்டும் தாவும். ரப்பர் விரிப்பின் மேலோ பிளாஸ்டிக் ஸ்டூலின் மேலோ வைத்த உலோகத் தட்டில் சேர்ந்தது முழுக்க ஒரே பொறியாக ஒரே நொடியில் தாவும். அமெரிக்காவில் பின்தட்டில் பிளாஸ்டிக் விரிப்பு போட்ட சின்ன லாரிகளில் உலோகக் கேனை வைத்தபடியே பெட்ரோல் நிரப்பியபோது தீப்பிடித்த சம்பவங்கள் நடந்து, "கேனைத் தரையில் இறக்கி வைத்து நிரப்பு" என்று எச்சரிக்கை போட்டார்கள். கேனில் குற்றமில்லை, அதற்குத் தரையோடு இருந்த தொடர்பை விரிப்பு அறுத்துவிட்டது. ஆகவே கடையில் அலுமினியத் தட்டு வாங்கிவந்து பழைய ரப்பர் பாயின் மேல் வைத்துவிட்டு "மாற்றிவிட்டேன்" என்கிற முதலாளியை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஆனால் அலுமினியத்தின் இந்தக் குறையை ஒரு செம்புக் கம்பி தீர்த்துவிடும். தட்டின் விளிம்பில் போல்ட் போட்டு, பின்னல் செம்புக் கம்பி இணைத்து, அறைக்கு வெளியே எர்த் குழிக்குக் கொண்டுபோனால் முடிந்தது. நிலை மின்சாரம் இறங்க வெகு குறைந்த தடை வேண்டும் என்றில்லை, பத்து லட்சம் ஓமுக்குக் கீழே இருந்தாலே இறங்கிவிடும். நல்ல இணைப்பில் அதைவிடப் பல மடங்கு குறைவாகவே வரும். பெட்ரோல் பங்கில் லாரி எண்ணெய் இறக்கும்போது முதலில் எர்த் வயரை மாட்டுகிறார்களே, அதே வேலைதான். பிளாஸ்டிக் வாளிக்கு இந்த வைத்தியமே கிடையாது. அதில் பத்து செம்புக் கம்பி கட்டினாலும், கம்பி தொடும் புள்ளியில் இருக்கும் மின்னேற்றம் மட்டும் இறங்கும்; ஒரு சாண் தள்ளி இருப்பது அங்கேயே இருக்கும். திருத்தக்கூடிய குறைக்கும் திருத்தவே முடியாத குறைக்கும் நடுவில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி.

கரி கலந்து மின்சாரம் கடத்தும்படி செய்த பிளாஸ்டிக் வெளிநாட்டு வெடிபொருள் ஆலைகளில் உண்டு என்று ஒரு சிலர் சொல்வார்கள். உண்டு. அதுவும் எர்த் செய்தால்தான் பலன். நம் சந்தையில் கிடைக்கும் கறுப்பு வாளி அந்த ஜாதி இல்லை. சாயத்துக்காகக் கறுப்பு போட்டது. சந்தேகம் இருந்தால் மின்தடை அளக்கும் மெக்கர் கருவி வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனை விட்டு அளந்து பாருங்கள், முள் அசையாது.

வாளியோடு விஷயம் முடியவில்லை. நைலான் வலை போட்ட சல்லடை, உள்ளே பாலிதீன் பை வைத்த ரசாயன மூட்டை, மணி மருந்தைக் காயவைக்க விரிக்கும் யூரியா சாக்கு, பாலியெஸ்டர் சேலை எல்லாம் இந்தக் குடும்பம்தான். பருத்தி உடை உடுத்து வா என்று வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்லிவிட்டு, அவர்கள் கையில் பிளாஸ்டிக் பேசினைக் கொடுக்கிறோம். வெறுங்காலோடு வா என்கிறோம். வாசலில் செம்புத் தகடு பதித்து "தொட்டுவிட்டு உள்ளே போ" என்று எழுதியும் வைக்கிறோம். உடம்பில் ஏறியதை வாசலிலேயே இறக்கிவிட்டு உள்ளே போகிறவர், உள்ளே போன மறு நிமிஷம் சாக்கை உதறி, வாளியைச் சுரண்டி, நைலான் சல்லடையில் மருந்தைத் தேய்க்கிறார். மண் கலயமும் பனையோலைப் பெட்டியும் மூங்கில் தட்டும் பழகிய தாத்தாக்கள் இந்த அளவுக்கு மின்னேற்றத்தோடு மல்லுக்கட்டவில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன். அவற்றில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருந்தது.

விலை பற்றிய வாதத்துக்கு அதிக இடம் கொடுக்க எனக்கு மனமில்லை. அலுமினியத் தட்டு பிளாஸ்டிக்கைவிட விலை கூடத்தான். ஆனால் பிளாஸ்டிக் வெயிலில் நொறுங்கும். அலுமினியம் வருஷக்கணக்கில் உழைத்து, கடைசியில் பழைய இரும்புக் கடைக்குப் போனாலும் காசு கொடுக்கும். உண்மையான சிக்கல் விலையில் இல்லை, உள்குத்தகையில் இருக்கிறது. லைசென்ஸ் ஒருவர் பெயரில், அறை இன்னொருவர் கையில், மருந்து மூன்றாமவர் கணக்கில் என்று ஓடும் ஆலையில் தட்டு வாங்குவது யார் பொறுப்பு? சீசனுக்கு மட்டும் அறை எடுத்தவன் எர்த் குழி வெட்டுவானா? இதனால்தான் "பிளாஸ்டிக் பாதுகாப்பானது" என்ற நம்பிக்கை இவ்வளவு நாள் உயிரோடு இருக்கிறது. அது செலவில்லாத நம்பிக்கை.

2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12-ல் ஏழாயிரம்பண்ணையை அடுத்த அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் குறைந்தது இருபது பேர் போனார்கள். அங்கே பற்றவைத்தது எது என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எல்லா விபத்தையும் நிலை மின்சாரத்தின் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. ஆனால் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் செய்தியில் வருவது "மருந்து உராய்வினால்" என்ற ஒரே வரிதான். எது எதோடு உராய்ந்தது, எந்தப் பாத்திரத்தில், அன்றைக்குக் காற்றில் ஈரம் எவ்வளவு என்று கேட்பார் இல்லை. பாத்திரத்துக்குள் என்ன போகலாம் என்பதற்குச் சட்டம் பலமுறை வாய் திறந்திருக்கிறது. குளோரேட்டோடு கந்தகம் சேர்ப்பதை 1992-ல் மத்திய அரசு தடுத்தது. பேரியம் உப்புகளை 2018-ல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. இரண்டுக்கும் ஊரே திரண்டு பேசியது. பாத்திரம் எதில் செய்தது என்பதைப் பற்றி அந்தக் கூட்டங்களில் ஒரு பேச்சு எழவில்லை.

சிவகாசியில், மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் கீழ் பட்டாசு ஆராய்ச்சி மேம்பாட்டு மையம் இருக்கிறது. ஆலைகளில் புழங்கும் வாளி, சல்லடை, விரிப்பு இவற்றை வாங்கி, வறண்ட நாளில் எவ்வளவு மின்னேற்றம் ஏறுகிறது என்று அளந்து, முடிவைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு போர்மேன் கையிலும் அந்த மையம் கொடுக்க வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் அறையில் எத்தனை பேர் என்று எண்ணுவதோடு நிறுத்தாமல், வாளியையும் திருப்பிப் பார்க்க வேண்டும். பட்டாசு உற்பத்தியாளர் சங்கங்கள் மொத்தமாக ஆர்டர் கொடுத்தால் அலுமினியத் தட்டின் விலையும் இறங்கும்.

போர்மேன் அண்ணாச்சிகளுக்கு ஒரு வார்த்தை. எல்லா அறையையும் ஒரே நாளில் மாற்ற முதலாளி ஒப்ப மாட்டார், தெரியும். கலவை அறை, சலிக்கும் அறை இரண்டை மட்டும் ஆனி பிறக்கும் முன் மாற்றச் சொல்லுங்கள். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். காலையில் பூட்டைத் திறந்ததும் தட்டில் செம்புக் கம்பி இறுக்கமாக இருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். கம்பி அறுந்திருந்தால் அன்றைக்கு அந்த அறையில் மருந்து கலக்க விடாதீர்கள்.